பாய்லர் அறை அண்ணன்: நோயால் பாதியில் முடிந்த ஒரு பணிக்காலம் (நிகழ்வு ஆய்வு)

பார்க்கின்சன் நோய் வந்து, ஓய்வு வயதுக்குப் பல ஆண்டுகள் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பாய்லர் ஆபரேட்டரைப் பற்றி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. அவரோடு ஒரே ஷிஃப்டில் நெடுநாள் வேலை பார்த்தவன். நிறுவனத்தின் பெயரோ அவருடைய பெயரோ இதில் வராது. ஆளை அடையாளம் காட்டிவிடும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம். இங்கும் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

நோய் அவரிடமிருந்து சில வேலைகளைப் பறித்தது. நிர்வாகம் எல்லா வேலையையும் பறித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத்தான் இந்த ஆய்வு.

அவர் செய்த வேலை

பாய்லர் ஆபரேட்டர் என்றால் பட்டனை அமுக்கிவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் காதும் மூக்கும் செய்கிற வேலை அது. பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீர் சரியாக வராவிட்டால் உள்ளே ஜல்லிக்கல் உருள்வது போலச் சத்தம் வரும். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கருகத் தொடங்கினால் மீட்டர் எதுவும் காட்டாது, வாடைதான் காட்டும். அண்ணன் ஷிஃப்ட் மாற்றும்போது முதலில் பேனலைப் பார்க்க மாட்டார். அறைக்குள் வந்து ஒரு நிமிடம் சும்மா நிற்பார். பிறகுதான் லாக் புக்கை எடுப்பார். புதிதாக வந்தவர்கள் அது ஏதோ வழிபாடு என்று நினைத்துக்கொண்டதுண்டு. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கேஜ் கிளாஸ் சோதனையை அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை மறக்க முடியாது. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. மேல் குழாய் வழியாக நீராவியும் கீழ்க் குழாய் வழியாகத் தண்ணீரும் அதற்குள் வரும். இரண்டில் ஒன்று அடைத்துக்கொண்டால் கண்ணாடி பொய் சொல்லும். அதனால் வடிகால் வால்வைத் திறந்து, முதலில் நீராவி வழி மட்டும் ஊதுகிறதா, பிறகு தண்ணீர் வழி மட்டும் பாய்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கடைசியில் வடிகாலை மூடியதும் தண்ணீர் ‘சட்’டென்று பழைய மட்டத்துக்கு ஏற வேண்டும். மெதுவாக ஏறினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். அண்ணன் சேர்த்துச் சொன்னது இன்னொன்று: “ஓடுற பாய்லர்ல கிளாஸ் தண்ணி ஆடிக்கிட்டேதான் இருக்கும்பா. அசையாம நின்னா, பாதி கிளாஸ் இருந்தாலும் நம்பாதே.” இந்த ஒரு வரி பின்னால் எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது.

முதலில் சிறுத்தது கையெழுத்து

மணிக்கு ஒருமுறை லாக் புக்கில் எழுத வேண்டும்: நீராவி அழுத்தம், ஃபீட் தண்ணீரின் சூடு, புகைபோக்கிச் சூடு, நீர்மட்டம். அண்ணனுடைய எண்கள் கட்டத்தை அடைத்துக்கொண்டு உருண்டையாக நிற்கும். அவர் போன பிறகு பழைய புத்தகங்களைத் தேதிவாரியாக அடுக்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நோய் இன்னதென்று தெரிவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எண்கள் சிறுக்கத் தொடங்கியிருக்கின்றன. அதுவும் ஒரே சீராக இல்லை. ஷிஃப்டின் முதல் வரியில் ஓரளவு பெரிதாக இருக்கும். வரி கீழே இறங்க இறங்கக் குறுகும். ஒரு வரிக்குள்ளேயே இடது ஓரத்தில் இருக்கும் எண்ணைவிட வலது ஓரத்து எண் சின்னதாக இருக்கும். கடைசி ஆண்டுப் பக்கங்களில் 8-ம் 6-ம் ஒரே புள்ளியாகத் தெரிகின்றன. கையெழுத்து இப்படிச் சிறுத்துப்போவது பார்க்கின்சனின் நன்றாக அறியப்பட்ட அறிகுறி. எங்கள் மேலதிகாரி ஒருவர் அதே பக்கங்களில் சிவப்பு மையில் “தெளிவாக எழுதவும்” என்று எழுதியிருக்கிறார், மூன்று இடங்களில்.

வாடை தெரியாமல் போனதும் அதே காலம்தான். பர்னர் பக்கம் ஏதாவது கருகினால் முதலில் எழுந்து போகிறவர் அவர். ஒருநாள் காப்பு உறை கருகி அறை முழுக்க நாற்றம் அடித்தபோதும் நாற்காலியிலேயே இருந்தார். சளி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கை நடுக்கமோ நடைத் தளர்ச்சியோ தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்ப உணர்வு குறைவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது.

அடுத்து முகம். தசைகள் இறுகி, முகத்தில் அசைவு குறைந்தது. சிரிப்புக்குச் சிரிக்கவில்லை, வணக்கம் சொன்னால் பார்வை மட்டும் திரும்பியது. “அண்ணனுக்கு இப்பல்லாம் தலைக்கனம்” என்று பேச்சு கிளம்பியது. நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே இருந்தது. அந்தக் கையில் எப்போதும் ஒரு வேஸ்ட் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். துடைக்கிறதுக்கு என்று நாங்கள் நினைத்தோம். துணியைப் பிடித்திருந்தால் நடுக்கம் வெளியே தெரியாது என்று அண்ணி பிற்பாடு சொன்னார்.

பாய்லர் மேல்தளத்துக்குப் போகும் இரும்புப் படியில் அண்ணன் கடகடவென்று ஏறிவிடுவார். ஆனால் கண்ட்ரோல் அறைக் கதவு வாசலில் வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். சமதரை, அகலமான கதவு, எதிரே ஒன்றுமில்லை. அவரால் காலை எடுத்து வைக்க முடியாது. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? படி ஏறுகிறவருக்கு வாசல் தாண்ட முடியாதா, நடிக்கிறார் என்றுதான் சொன்னார்கள். உண்மையில் இது நோயின் இயல்பு. நாம் யோசிக்காமலே நடக்கும் நடையை ஓட்டுகிற பகுதிதான் மூளையில் பழுதாகிறது. கண்ணுக்கு எதிரே தாண்ட வேண்டிய கோடோ படியோ இருந்தால் மூளை வேறு வழியில் காலைத் தூக்கிவிடுகிறது. வாசல், திரும்பும் இடம், ஆள் நெரிசல், இவைதான் காலைக் கட்டிப்போடும். வாசலுக்கு முன்னால் நடக்கும் திசைக்குக் குறுக்காகச் சில மஞ்சள் கோடுகள் போட்டிருந்தால் பெரும்பாலும் அவர் தாண்டியிருப்பார். பெயிண்ட் எங்கள் ஸ்டோரிலேயே இருந்தது.

நோய் என்ன செய்கிறது

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை எழுதினார். அதில் ஆறு பேரைப் பற்றிச் சொல்கிறார். ஆறு பேரில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே அல்ல, தெருவில் கண்டவர்கள். நடையையும் நிற்கிற விதத்தையும் பார்த்தே எழுதினார். பிற்பாடு பிரான்சின் நரம்பியல் மருத்துவர் சார்கோ அந்த நோய்க்கு அவருடைய பெயரையே வைத்தார். தெருவில் போகிறவரைப் பார்த்தே ஒருவர் கண்டுகொண்ட நோயை, தினமும் எட்டு மணி நேரம் பக்கத்தில் நிற்கிற நாற்பது பேரும் தலைக்கனம் என்றும் நடிப்பு என்றும் படித்திருக்கிறார்கள். இதற்காக யாரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. தீயணைக்கப் பயிற்சி தந்தார்கள், முதலுதவிப் பயிற்சி தந்தார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூளையின் நடுப்பகுதியில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மெல்ல மெல்ல அழிவதுதான் நோயின் மையம். கை நடுங்கத் தொடங்கும்போது அவற்றில் கணிசமான பங்கு ஏற்கெனவே போயிருக்கும். 1960-இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், எரிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இறந்துபோன நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். 1960-களின் இறுதியில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் லெவோடோபா என்ற மருந்தை வாய்வழியாக, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து நல்ல பலன் கண்டார். இன்றும் முதன்மையான மருந்து அதுதான். அது நோயை நிறுத்தாது, டோபமின் இல்லாத குறையைச் சில மணி நேரத்துக்கு ஈடுகட்டும்.

அந்தச் ‘சில மணி நேரம்’ என்பதில்தான் அண்ணனுடைய வேலை போன காரணம் ஒளிந்திருக்கிறது. நோய் முற்ற முற்ற ஒரு மாத்திரையின் வேகம் அடுத்த மாத்திரைக்கு முன்பே இறங்கிவிடும். மருந்து வேலை செய்யும் நேரத்தில் அண்ணனைப் பார்த்தால் கொஞ்சம் நிதானமான மனிதர் என்றுதான் தோன்றும். மருந்து இறங்கிய நேரத்தில் சட்டைப் பொத்தானைப் போடவே படாத பாடு படுவார். ஒரே நாளில் ஒரே உடம்பில் இரண்டு மனிதர்கள். புரதம் அதிகமான சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டால் அது உறிஞ்சப்படுவதும் குறையும், ஏனென்றால் இரண்டும் உடம்புக்குள் போக ஒரே வழிக்குப் போட்டி போடுகின்றன. ஷிஃப்ட் மாறி மாறி வந்தால் சாப்பாடு, தூக்கம், மாத்திரை மூன்றின் நேரமும் குழம்பும். இரவு ஷிஃப்ட் அவருக்கு எந்த அளவு எதிரி என்பது இதிலிருந்தே விளங்கும்.

அண்ணன் நோயை வெளியே சொல்லவில்லை. சொன்னால் சீட்டுக் கிழியும் என்று அவருக்குத் தெரியும். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-இல் நோய் தெரிந்தது, 1998-இல்தான் உலகுக்குச் சொன்னார். பேரும் பணமும் உள்ளவரே ஏழு ஆண்டு மறைத்திருக்கிறார். ஷிஃப்ட் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் மறைத்ததை நான் தவறாகவே நினைக்கவில்லை.

தண்ணீர் ஆடாத இரவு

எங்கள் பாய்லருக்கு இரண்டு கேஜ் கிளாஸ். அன்றைக்கு ஒன்று கசிவால் மூடிவைக்கப்பட்டிருந்தது. இன்னொன்று பாதிக்கு மேல் தண்ணீர் காட்டியது. அழுத்தம் சரி, சூடு சரி, பேனலில் எல்லா விளக்கும் பச்சை. நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அண்ணன் வழக்கம்போல எழுந்து நின்று கேட்டார். பிறகு கிளாஸ் அருகே போய் உற்றுப் பார்த்தார்.

அவர் கேட்டது ஒரு சத்தத்தை அல்ல, சத்தம் இல்லாததை. நீர்மட்டம் இறங்கும்போது ஃபீட் பம்ப் தானாக ஓடும், ஏறியதும் நிற்கும். நீராவி வழக்கம்போல வெளியே போய்க்கொண்டிருந்தது, ஆனால் பம்ப் ஓடி நெடுநேரம் ஆகியிருந்தது. போகிற தண்ணீருக்குப் பதில் தண்ணீர் உள்ளே வரவில்லை என்றால் மட்டம் இறங்கியே ஆக வேண்டும். கிளாஸோ இறங்கவில்லை என்கிறது. அதில் தண்ணீர் ஆடவும் இல்லை.

பிறகு தெரிந்த காரணம் இது. மட்டத்தை உணரும் மிதவை அறைக்குள் சேறு படிந்து மிதவை மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் பம்பும் ஓடவில்லை, தண்ணீர் குறைந்தால் பர்னரை அணைக்க வேண்டிய பாதுகாப்பு அமைப்பும் வேலை செய்யவில்லை. கிளாஸின் கீழ்க் குழாயும் அடைத்திருந்தது. உள்ளே சிக்கிய தண்ணீரும் குளிர்ந்த நீராவியும்தான் கண்ணாடியில் நின்று மட்டம் இருப்பதாகக் காட்டியிருக்கின்றன.

“பம்ப் ஓடலை” என்று அண்ணன் சொன்னதும் இளைய ஆபரேட்டர் ஒருவர் பம்பைக் கையால் போட ஓடினார். அதுதான் செய்யவே கூடாதது. தண்ணீர் இறங்கி உலோகம் காய்ந்து சிவந்திருந்தால், அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் நொடியில் நீராவியாகும். பாய்லர் வெடிக்கும் பழைய வழி அது. மட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் முதலில் நெருப்பை நிறுத்த வேண்டும், தண்ணீரைத் தொடக் கூடாது. அண்ணன் அதைத்தான் கத்தினார். அவருடைய குரல் அப்போதே அடங்கியிருந்தது. பார்க்கின்சனில் குரல் தணிந்துவிடும், பேசுகிறவருக்கோ தான் உரக்கப் பேசுவதாகவே தோன்றும். பர்னர் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவசர பட்டனை அமுக்கக் கண்ட்ரோல் அறைக்கு நடந்தார். வாசலில் கால் நின்றுவிட்டது.

அவர் கையில் ஸ்பானர் இருந்தது. கதவின் இரும்புச் சட்டத்தில் ஓங்கி அடித்தார், இரண்டு அடி. மூன்று பேரும் திரும்பினோம். கையைக் கழுத்துக்கு நேராக இழுத்து ‘நிறுத்து’ என்று காட்டினார். பட்டனுக்கு அருகில் இருந்தவர் அமுக்கினார். பர்னர் அணைந்தது. பிறகு கிளாஸை ஊதிச் சோதித்தபோது தண்ணீர் வழியில் ஒரு சொட்டுகூட வரவில்லை. ஆற வைத்துத் திறந்து பார்த்ததில் குழாய்களுக்குச் சேதம் இல்லை. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று திறந்து பார்த்த இன்ஸ்பெக்டர் சொன்னதை இங்கே எழுதத் தேவையில்லை.

விசாரணையும் மருத்துவக் குழுவும்

விசாரணை அறிக்கை இயந்திரக் கோளாறைச் சரியாகவே எழுதியது. மிதவை அறையை ஊதிச் சுத்தம் செய்யும் இடைவெளி மாற்றப்பட்டது. கடைசிப் பத்தியில் இப்படி ஒரு குறிப்பு: பணியில் இருந்த மூத்த ஆபரேட்டரின் எச்சரிக்கை மற்றவர்களுக்குக் கேட்கவில்லை, அவசர பட்டனை அவரால் எட்ட முடியவில்லை, அவருடைய உடல்நிலை பரிசோதிக்கப்பட வேண்டும்.

ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் பச்சை விளக்குகளை நம்பாமல் ஆபத்தைக் கண்டுபிடித்தது யார் என்பது அந்த அறிக்கையில் எங்கும் இல்லை. கைகால் நன்றாக இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அதே இரவை இரண்டு விதமாக எழுதலாம்: நோயாளியால் ஆபத்து கூடியது என்று எழுதலாம், நோயாளியால் ஆபத்து தெரிந்தது என்றும் எழுதலாம். அறிக்கை முதலாவதை மட்டும் எழுதியது. மேலே போன காகிதம் அதுதான்.

பரிசோதனைக்குக் காலையிலேயே வரச் சொன்னார்கள். ரத்தம் எடுக்கும்வரை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் காலை மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டார். அதைப் போடலாமா கூடாதா என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வரிசை நீண்டது. குழுவுக்கு முன்னால் போய் நின்றபோது நடுப்பகல். இரவு மாத்திரையின் வேகம் எப்போதோ இறங்கிவிட்டது. எழுதிக் காட்டச் சொன்னார்கள், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார்கள், நடந்து திரும்பச் சொன்னார்கள். திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார். பதற்றத்தில் நடுக்கம் கூடும் என்பது இந்த நோயில் எல்லோரும் அறிந்தது. தன் வேலையைத் தீர்மானிக்கிற மூன்று பேருக்கு முன்னால் நிற்பதைவிடப் பதற்றம் வேறு எது? இரண்டு மனிதர்களில் மோசமானவரை மட்டும் குழு பார்த்தது. படிவத்தில் இரண்டே கட்டம்: தகுதி உண்டு, தகுதி இல்லை.

எந்த வேலைக்குத் தகுதி இல்லை என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இதுதான்.

வேலையைப் பிரித்துப் பார்த்தால்

அண்ணன் போன பிறகு, அவருடைய ஷிஃப்ட் வேலைகளைத் தாளில் தனித்தனியாக எழுதிப் பார்த்தோம். நானும் அவரோடு வேலை பார்த்த இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்தது.

அவரால் முடியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியவை இருந்தன. சேஃப்டி வால்வு வரை போகும் செங்குத்து ஏணி. படி வேறு, ஏணி வேறு. ஏணியில் இரண்டு கையும் பிடிமானத்துக்கு வேண்டும். தனியாக இரவு ஷிஃப்ட். அவசரத்தில் முதல் ஆளாக ஓடுவது. சூடான வால்வுகளைச் சட்டென்று மூடித் திறப்பது, அதிலும் மருந்து இறங்கிய நேரத்தில். இவற்றை அவரிடம் விட்டிருக்கக் கூடாது. விட்டிருந்தால் அவருக்கும் ஆபத்து, மற்றவருக்கும் ஆபத்து. பரிவு என்ற பெயரில் இதை மழுப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சின்ன மாற்றம் செய்தால் முடிந்திருக்கும் வேலைகளும் இருந்தன. லாக் எழுதுவது அதில் ஒன்று. அகலமான கட்டமும் தடித்த கோடும் போட்ட தாள் கொடுத்தால் எழுத்து பெரிதாகும், கண்ணுக்கு முன்னால் கோடு இருந்தால் கை அதுவரை நீளும். இல்லாவிட்டால் அவர் வாசிக்க இன்னொருவர் எழுதலாம். எச்சரிக்கை கொடுக்க ஒரு கைமணியோ கழுத்தில் மாட்டும் விசிலோ போதும். அவசர பட்டன் கண்ட்ரோல் அறைக்குள் மட்டும் இருந்ததே முதலில் தவறு, பாய்லர் பக்கத்திலும் ஒன்று வேண்டும். அது அண்ணனுக்காக மட்டுமல்ல, எல்லோருக்காகவும். பகல் ஷிஃப்ட் நிரந்தரமாகக் கொடுத்திருந்தால் மாத்திரை நேரம் சீராகியிருக்கும்.

எந்த மாற்றமும் இல்லாமல், மற்ற யாரையும்விட அவர் நன்றாகச் செய்யக்கூடிய வேலைகளும் இருந்தன. லாக் புக்கை வாரம் ஒருமுறை படித்துப் போக்கைக் கண்டுபிடிப்பது: புகைபோக்கிச் சூடு மெல்ல ஏறினால் குழாயில் கரியோ உப்போ படிகிறது என்று பொருள், அதை அவர் தாளைப் பார்த்தே சொல்வார். தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து ப்ளோ டவுன் அளவை, அதாவது உப்பும் சேறும் சேர்ந்த தண்ணீரைப் பாய்லரிலிருந்து எவ்வளவு வெளியேற்ற வேண்டும் என்பதைச் சொல்வது. புது ஆட்களுக்குப் பயிற்சி. ஆண்டுப் பராமரிப்பின்போது பக்கத்தில் நின்று எதை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்வது. தாளில் இந்தப் பகுதிதான் நீளமாக வந்தது. முழு நேர வேலை ஒன்று இதிலேயே கிடைத்தது.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 2006-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 27-வது பிரிவு வேலை உரிமையைப் பற்றியது. வேலையில் இருக்கும்போதே உடற்குறை வந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அளவுக்கு மீறிய சுமை ஆகாதவரை தேவையான மாற்றங்களைச் செய்து தராமல் மறுப்பதையே பாகுபாடு என்று அதே உடன்படிக்கையின் 2-வது பிரிவு வகைப்படுத்துகிறது. அதற்கும் முன்னால் 1983-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 159-வது உடன்படிக்கை, உடற்குறை உள்ளவர் தக்க வேலையைப் பெறவும் அதில் நீடிக்கவும் வழிசெய்வதைத் தொழில்சார் மறுவாழ்வின் நோக்கமாக வைத்தது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. எங்கள் படிவத்துக்கு அது வந்து சேரவில்லை.

நிர்வாகத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மேலாளர் கெட்டவர் அல்ல. ஏதாவது நடந்தால் ‘நோயாளி என்று தெரிந்தும் ஏன் வைத்திருந்தாய்’ என்ற கேள்வி தன் மேல் விழும் என்று பயந்தார். நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து, வேலையைப் பிரித்து எழுதி, ஆபத்தானவற்றை நீக்கி, கையெழுத்துப் போட்டு வைப்பது. ஆளையே நீக்குவது பயத்துக்குச் சுலபமான வழி, அவ்வளவே. அண்ணன் தானாகவே விருப்ப ஓய்வு கேட்பதுபோல ஒரு கடிதமும் எழுதி வாங்கப்பட்டது. அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தும் புள்ளி அளவுதான்.

பிறகு

வருமானம் குறைந்ததும் மருந்துச் செலவு கூடியதும் ஒரே மாதத்தில் நடந்தது. அதை விரிக்க வேண்டியதில்லை, எந்தக் குடும்பத்துக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாத நட்டம் இன்னொன்று. வேலையில் இருந்தவரை அண்ணன் ஒரு நாளில் எத்தனையோ தடவை படி ஏறினார், பேசினார், எழுதினார், கேள்விக்குப் பதில் சொன்னார். இந்த நோய்க்கு உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் நல்லது என்று எந்த மருத்துவரும் சொல்வார். சம்பளத்தோடு கிடைத்த அந்தப் பயிற்சி ஒரே நாளில் நின்றது. வீட்டில் நாற்காலி. ஆறு மாதத்தில் குரல் இன்னும் இறங்கிவிட்டது என்று அண்ணி சொன்னார். “வேலைக்குப் போறப்ப மாத்திரை நேரத்துக்கு அலாரம் வெப்பாரு தம்பி. இப்ப அலாரம் அடிச்சாலும் எதுக்குன்னு கேக்குறாரு.” நோய் தன் போக்கில் முற்றியதா, வேலை போனதால் வேகம் கூடியதா என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்லிவிட முடியாது. மனச்சோர்வும் இந்த நோயிலேயே அடிக்கடி கூட வருவதுதான். ஆனாலும் அவருடைய காலையில் ஒரு வேலை இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பார்க்கப் போகிறவர்கள் கற்றுக்கொண்டதையும் எழுதிவிடுகிறேன், நோயால் ஓய்வுபெற்ற நண்பர் உள்ள யாருக்கும் உதவும். அண்ணியிடம் கேட்டு, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போகிறோம். கூட்டமாகப் போவதில்லை, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவரால் குறுக்கே புக முடியாது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். பதில் வரத் தாமதமாகும், ஆனால் வரும். இடையில் நாமே வாக்கியத்தை முடித்துக் கொடுத்தால் அவர் பேசுவதை விட்டுவிடுகிறார். முகத்தைப் பார்த்து மனநிலையை முடிவு செய்வதை நிறுத்திவிட்டோம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிடப் பாய்லரைப் பற்றிக் கேட்டால் நிமிர்ந்து உட்காருகிறார். இது நலம் விசாரிக்கும் தந்திரம் இல்லை. பதில் உண்மையாகவே எங்களுக்குத் தேவைப்படுகிறது. போன பராமரிப்பில் புகைபோக்கிச் சூடு ஏன் இறங்கவில்லை என்று மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம். எண்களை எடுத்துப் போய்க் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். “பேஃபிள் பக்கம் பாரு, குறுக்குவழி புடிச்சிருக்கும்” என்றார். உள்ளே சூடான புகையைச் சுற்றிவரச் செய்யும் தடுப்பு ஒரு மூலையில் உடைந்து, புகை குழாய்களைச் சுற்றாமலே வெளியேறிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலையில் மூன்று விஷயம் மாறியது. பாய்லர் பக்கத்தில் இரண்டாவது அவசர பட்டன் வந்துவிட்டது. உடல்நலக் காரணத்தால் ஒருவரைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது, அவருடைய வேலைகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்ட தாள் ஒன்றும் கூடவே போக வேண்டும் என்று சங்கம் கேட்டு, நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு வேலைக்கு எதிரேயும் ‘முடியும்’, ‘மாற்றத்தோடு முடியும்’, ‘முடியாது’ என்று மூன்று கட்டம். மருந்து எடுத்துக்கொள்கிறவர் என்றால் எந்த நேரத்தில் பரிசோதித்தார்கள், கடைசி மாத்திரை எப்போது என்பதையும் எழுத வேண்டும். முதுகெலும்பு அறுவை செய்துகொண்ட ஃபிட்டர் ஒருவர் அந்தத் தாளால்தான் இன்று ஸ்டோரில் வேலையில் இருக்கிறார். அண்ணனுக்கு அது உதவவில்லை. பழைய முடிவைத் திறக்க முடியாது என்றுவிட்டார்கள். சங்கம் மனு போட்டிருக்கிறது.

இப்போது அவரைப் பேசவைத்து, பாய்லரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறோம். சட்டையில் குத்தும் சின்ன மைக் வைத்தால் குரல் தெளிவாக விழுகிறது. கேஜ் கிளாஸ், ஃபீட் பம்ப் இரண்டும் எழுத்தாக்கி முடிந்தன. பர்னர் பகுதியில் பாதி ஆகியிருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனையை அடுத்த முறை தொடங்க வேண்டும்.